யாளிக்கு உயிர் தந்தவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில், மதுரைப் புதுமண்டபத்தின் முகப்பில், பின்கால்களை ஊன்றி எழுந்து நிற்கும் யாளி ஒன்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அருகில் நின்ற இளைஞர் ஒருவர், "ஐயா, இந்த விலங்கு பழைய காலத்தில் நம் காடுகளில் வாழ்ந்ததாமே, உண்மைதானே?" என்று வினவினார். "இல்லை தம்பி, இது சிற்பிகளின் கற்பனை" என்றேன். அவர் விடவில்லை. "கற்பனை என்றால் ஊருக்கு ஒரு விதமாக அல்லவா இருக்கவேண்டும்? வேலூரில் பார்த்தேன், திருவரங்கத்தில் பார்த்தேன், இங்கும் பார்க்கிறேன்; எங்கும் இதே விலங்குதான். கண்ணால் காணாத ஒன்றை இத்தனை பேர் எப்படி ஒரே மாதிரி செதுக்கியிருக்க முடியும்?" என்றார்.

அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அப்படியொரு விலங்கின் எலும்பு ஒன்றேனும் எங்கும் கிடைத்ததில்லை என்றேன். அது உண்மையே. ஆயினும் அவருடைய நம்பிக்கைக்கு அது மறுமொழி ஆகாது. அந்த மண்டபத்துக் கல் அவரை நம்பவைத்திருந்தது. இன்று அவரைப் போல் நம்புவோர் பலர் உளர். யாளி வாழ்ந்து மறைந்த விலங்கு என்று எழுதுவோரும் உளர். அவர்கள் தமிழரின் பெருமையைக் கூறுவதாகவே எண்ணுகின்றனர். எனக்கோ, அவர்கள் அறியாமலே பெரும் பெருமை ஒன்றைத் தட்டிப் பறிக்கின்றனர் என்று தோன்றுகிறது. கண்டதைப் பார்த்துச் செதுக்கியவன் என்று ஒருவனைக் கூறுவதற்கும், இல்லாத ஒன்றை உண்டென்று நம்பும்படி செய்தவன் என்று கூறுவதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

நம் கோயில்களில் கற்பனை உயிர்கள் பல உண்டு. மனித முகமும் பறவை உடலும் கொண்ட கின்னரர் உண்டு. மனிதத் தலையும் விலங்கின் உடலும் கொண்ட புருஷாமிருகம் உண்டு. ஓருடலும் இருதலையும் உடைய கண்டபேரண்டப் பறவை உண்டு. இப்பறவையை விசயநகர வேந்தர் அச்சுதராயர் தம் நாணயங்களில் பொறித்தார். மைசூர் மன்னர்கள் தம் இலச்சினையாகக் கொண்டனர். இன்றும் அது கருநாடக அரசின் சின்னத்தில் விளங்குகிறது. இத்துணைச் சிறப்பிருந்தும், கண்டபேரண்டம் உண்மையில் வாழ்ந்ததா என்று என்னை எவரும் கேட்டதில்லை. யாளியைப் பற்றி மட்டுமே கேட்கின்றனர். யாளியின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும் என்று கருதுகிறேன்.

கல்லில் வருமுன் அது சொல்லில் வந்தது. சங்கப் பாடல்களில் ஆளி என்னும் விலங்கு சில இடங்களில் வருகிறது. அதனைச் சிங்கம் என்று கொள்வாரும் உளர், யாளி என்று கொள்வாரும் உளர்; அவ்வழக்கினுள் நான் புகவில்லை. நான் வியப்பது வேறொன்று. அந்தப் புலவர்கள் ஆளி எப்படி இருக்கும் என்பதை ஏறக்குறையச் சொல்லவே இல்லை. அது செய்த செயலையே சொல்கின்றனர். அகநானூற்றுப் புலவர் ஒருவர், அது யானையின் வெண்கோட்டைப் பறித்து அதன் உள்ளீட்டைத் தின்னும் என்கிறார். பொருநராற்றுப்படை, பால்குடி மாறாத ஆளிக் குட்டி தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றதைக் கூறி, இளம் பருவத்திலேயே பகை வென்ற கரிகாலனை அதனோடு ஒப்பிடுகிறது. நற்றிணையில் ஒரு பாட்டு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: ஆளி அங்கே இழுத்துச் செல்வது ஏதோ ஒரு யானையை அன்று, புலி ஒன்றைக் கொன்றுவிட்டு நிற்கும் யானையை.

அந்த ஏணியைக் கவனியுங்கள். குறிஞ்சி நிலத்து மக்களுக்குப் புலி தெரியும்; அதன் அச்சம் தெரியும். அப்புலியைக் குத்திக் கொன்ற களிறும் தெரியும். அதன் காலடி கேட்டாலே தினைப்புனத்துப் பரண்மீது இருப்பவர் மூச்சடங்கிப்போவர். அந்தக் களிறே இழுபட்டுச் செல்கிறது என்றால் இழுப்பது எத்தகையது என்பதைக் கேட்பவரே அளந்துகொள்கிறார். புலவர் ஒரு பல்லைக்கூட வருணிக்க வேண்டியதில்லை. யானையை அறியாத ஒரு நாட்டில் இந்த உத்தி பலித்திராது. அங்கே யானையையே முதலில் விளக்கவேண்டும்; விளக்கி முடிப்பதற்குள் அச்சம் ஆறிப்போகும்.

புலவர் சொல்லாமல் விட்ட உடலைச் சிற்பி கொடுக்கவேண்டியவன் ஆனான். கல்லில் 'எத்தகையதோ' என்று விட்டுவிட முடியாது. காது எங்கே, கால் எப்படி மடங்கும் என்று ஒவ்வொன்றும் முடிவாக வேண்டும். பல்லவர் காலத்துச் சிற்பி சிங்கத்திலிருந்து தொடங்கினான். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. வரலாற்றுக் காலத்துத் தமிழகக் காடுகளில் சிங்கம் இருந்ததற்குச் சான்று இல்லை. யானையையும் குரங்கையும் மானையும் பார்த்துச் செதுக்கிய கை, சிங்கத்தைக் கேள்வியாலும் பிற நாட்டுச் சிற்ப மரபாலும் மட்டுமே அறிந்து செதுக்கியது. அதனால்தான் மாமல்லபுரத்துச் சிங்கங்களின் பிடரிமயிர் சுருள் சுருளாக, வரிசை பிசகாத அணிகலன் போல் இருக்கிறது. சிங்கமே அவனுக்குப் பாதி கற்பனைதான். யாளிக்கு அதிலிருந்து ஓர் அடிதான்.

ஏழாம் நூற்றாண்டில் அந்தச் சிங்கத்துக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டது. மாமல்லபுரத்து வராக மண்டபத்திலும் மகிடாசுரமர்த்தினி குகையிலும் பீம ரதத்திலும் தூணின் அடியில் அது அமர்ந்திருக்கிறது. தூண் அதன் தலைமேலிருந்து எழுகிறது. இது வெறும் அலங்காரமாகத் தோன்றலாம். ஆனால் சற்று நேரம் அதன்முன் நின்று பாருங்கள். நிமிர்ந்த மார்பும் ஊன்றிய முன்கால்களும் அழுத்தி மூடிய உடலும், மேலிருந்து இறங்கும் பாரத்தை வாங்கித் தரையில் சேர்க்கின்றன. பாரம் தாங்கும் உடலுக்கு எலும்பு இருந்தாக வேண்டும், தசை இருந்தாக வேண்டும் என்று நம் உடம்பே நமக்குச் சொல்கிறது. தலையில் சுமை தூக்கிய எவருக்கும் அது புரியும். உறுமிப் பல்லைக் காட்டி ஒரு விலங்கு தான் உயிருள்ளது என்று மெய்ப்பிப்பதைவிட, ஒரு சுமையைத் தாங்கி மெய்ப்பிப்பது எளிது என்பதை அந்தக் கல்தச்சர்கள் கண்டுகொண்டனர்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் இன்னொன்று இருக்கிறது. பாறையில் குடைந்த சிறு மாடம். அதனை வட்டமாகச் சூழ்ந்து யாளித் தலைகள். மக்கள் அதற்கு வைத்த பெயர் புலிக்குகை. அங்கே புலியும் இல்லை, குகை என்று சொல்லத்தக்கதும் இல்லை. அறியாத முகத்தைக் கண்டவர்கள் தாம் அறிந்த அச்சத்தின் பெயரை அதற்கு இட்டுவிட்டனர் போலும். அதே பாறையில் சற்றுத் தள்ளி யானை முகங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. சங்கப் புலவர் சேர்த்துவைத்த இருவரும் அங்கே ஒரே கல்லில் இருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எடுப்பித்த காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் அமர்ந்திருந்த விலங்கு எழுந்துவிட்டது. மூலைதோறும், தூண்தோறும், பின்கால்களில் நின்று பாய முற்படுகிறது. பெயரிலேயே சிங்கத்தைத் தாங்கிய மன்னனுக்கு அது ஏற்றதே. பின்னர்ச் சோழர் காலம். 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில், கல்வெட்டுகளுக்கு அண்மையில், யாளிகள் வரிசையாக ஓடுகின்றன. வரிசை முடியும் மூலைகளில் மகர முகங்கள் வாய் பிளந்து நிற்கின்றன. மரத்தால் கோயில் கட்டிய நாளில் தளத்து உத்தரங்களின் நுனிகள் வெளியே நீண்டிருக்கும் என்றும், அவற்றின் கல் நினைவே இந்த யாளி வரி என்றும் கட்டடக்கலை அறிஞர் கூறுவர். அவ்வாறாயின் இங்கும் யாளி பாரம் சுமக்கும் இடத்திலேதான் இருக்கிறது. தஞ்சைக்குச் செல்வோர் பெரும்பாலும் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். கண்ணின் உயரத்தில் ஓடும் இந்த வரியைப் பார்க்கக் கால் மணி நேரம் ஒதுக்கலாம்.

பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் விசயநகரத்தாரும் நாயக்கரும் எடுத்த மண்டபங்களில்தான் நாம் இன்று யாளி என்றவுடன் நினைக்கும் உருவம் முழுமை பெற்றது. வேலூர்க் கோட்டைக் கோயிலின் கலியாண மண்டபம், 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கரின் புதுமண்டபம் ஆகியவற்றைப் பார்த்தவர்கள் அறிவர். புதுமண்டபத்தில் நெடுங்காலம் தையற்காரர்களும் வளையற்கடைகளும் புத்தகக்கடைகளும் இருந்தன. யாளிகளின் காலடியில் தையல் எந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது கடைகள் இல்லை.

இந்த யாளியை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்க்கும்போது அச்சிற்பிகளின் அடக்கம் விளங்குகிறது. உடல் முழுவதும் ஒரே விலங்கு: ஒட்டிய வயிறும் ஒடுங்கிய இடையும் உடைய சிங்கம். கடன் வாங்கியது முகத்தில் மட்டுமே. யானையின் துதிக்கை, சில இடங்களில் அதன் கொம்பு, அவ்வளவுதான். பத்து விலங்குகளை ஒட்டவைக்கும் ஆசை அவர்களுக்கு வரவில்லை. ஒட்டிய இடமும் கண்ணில் படாது. துதிக்கை தொடங்குமிடத்தைப் பிதுங்கிய விழிகளும் புருவ மேடும் மறைக்கின்றன. தலையும் உடலும் சேருமிடத்தில் பிடரிச் சுருள்கள் கவிந்துகொள்கின்றன. இரண்டு விலங்குகளும் நாம் அறிந்தவை; தையல் தெரியவில்லை; ஆகவே மூன்றாவது ஒன்று பிறந்துவிடுகிறது.

இத்தாலிய நாட்டு லியோனார்டோ டா வின்சி இதே முடிவுக்கு வந்தார் என்பதை அறிந்தபோது வியந்தேன். கற்பனை விலங்கு இயல்பாகத் தோன்றவேண்டுமாயின் அதன் ஒவ்வோர் உறுப்பும் உண்மையான ஏதேனும் ஒரு விலங்கின் உறுப்பை ஒத்திருக்கவேண்டும் என்று அவர் குறித்துவைத்தார். நாயின் தலை, பூனையின் கண், முள்ளம்பன்றியின் காது, ஆமையின் கழுத்து என்று எடுத்துக்காட்டும் தந்தார். இளமையில் அவர் கேடயம் ஒன்றில் பூதம் தீட்டிய கதையை 1550இல் வசாரி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் காணலாம். பல்லி, பாம்பு, வெட்டுக்கிளி, வௌவால் எல்லாவற்றையும் தம் அறையில் சேர்த்துவைத்து, அவை அழுகி நாறுவதும் தெரியாமல் வரைந்தாராம். மங்கிய ஒளியில் அதனைக் கண்ட தந்தை நடுங்கிப் பின்வாங்கினாராம். நம் கல்தச்சர்களைப் பற்றி அப்படி எழுதிவைக்க ஒரு வசாரி இல்லை. அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது.

நாயக்கர் காலத்து யாளியின் காலடியில் பெரும்பாலும் ஒரு யானை இருக்கும். யாளி தன் துதிக்கையால் அதன் துதிக்கையைப் பற்றிப் பின்னியிருக்கும். நற்றிணைப் புலவரின் பழைய ஏணி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் கைவிடப்படவில்லை. ஒன்றை மட்டும் நான் குறையாகச் சொல்வேன். சில மண்டபங்களில் அந்த யானை கன்றினும் சிறிதாக, ஏறி நிற்க இட்ட பலகை போல் ஆகிவிட்டது. கண்டபேரண்டத்தின் அலகிலும் காலிலும் குருவிக் குஞ்சுகளைப் போல் தொங்கும் யானைகளைப் பாருங்கள். அவற்றில் யானையின் கனமே இல்லை. கனமற்ற யானையைத் தூக்குவதில் வீரம் ஏது? அப்பறவையை எவரும் நம்பாததற்கு அதுவே பெருங்காரணம் என்பது என் எண்ணம். யாளிச் சிற்பிகளும் அந்த வழியில் வழுக்கினர். துதிக்கைகளின் பிணைப்பு அவர்களைக் காப்பாற்றியது. இரண்டு துதிக்கைகளும் ஒன்றையொன்று இழுக்கும் முறுக்கில் யானையின் எடை திரும்ப வந்துவிடுகிறது.

சில யாளிகளின் வாயில் கல் உருண்டை ஒன்று இருக்கிறது. விரலால் தள்ளினால் உருளும், வெளியே வாராது. வெளியிலிருந்து உள்ளே இட்டதன்று. பல் இடுக்குகளின் வழியே உளியைச் செலுத்தி, அதே கல்லிலிருந்து உள்ளேயே பிரித்தெடுத்தது. கைத்திறனைக் காட்ட என்று எல்லோரும் சொல்வர். அதோடு, அந்த உருண்டைக்கு மேலும் பக்கத்திலும் வெற்றிடம் இருப்பதால், வாய்க்கு உட்புறம் உண்டு, தொண்டை உண்டு என்ற எண்ணம் பார்ப்பவருக்குத் தானே எழுகிறது.

இனி அந்த இளைஞரின் வலிய வாதத்துக்கு வருகிறேன். எங்கும் ஒரே மாதிரி என்றார் அவர். உண்மையில் அவை ஒரே மாதிரி அல்ல. சிங்கமுகம், யானைமுகம் என ஒரே மண்டபத்திலேயே முகங்கள் மாறும். அபராஜிதப்பிருச்சை என்னும் வடமொழிச் சிற்பநூல் 16 வகை வியாளங்களை எண்ணுகிறது. இந்தியக் கோயில்களின் வியாள உருவங்களை ஆராய்ந்து எம். ஏ. தாக்கி 1965இல் தனி நூலே எழுதினார். ஒத்திருக்கும் அளவுக்கு அவை ஒத்திருப்பது, தந்தையிடம் மகனும் ஆசானிடம் மாணவனும் அளவும் வரைவும் கற்று ஊர் ஊராகச் சென்று வேலை செய்த மரபினால்.

இதனினும் தெளிவான சான்று ஒன்று உண்டு. அன்று எனக்கு அது தோன்றவில்லை. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் ஏழாம் நூற்றாண்டு யானைகள் நிற்கின்றன. ஆயிரம் ஆண்டு கழித்துச் செதுக்கிய யானையை அவற்றின் அருகில் வைத்துப் பாருங்கள். அணிகலன் மாறியிருக்கும், யானை மாறவில்லை. ஏனெனில் காட்டில் இருக்கும் யானை மாறவில்லை. சிற்பி தவறினால் திருத்த அது இருந்தது. யாளியோ பல்லவர் காலத்தில் அமர்ந்தது, பிறகு எழுந்தது, சோழரிடம் வரிசையில் ஓடியது, நாயக்கரிடம் துதிக்கை பெற்று ஓங்கி வளர்ந்தது. அரசுகள் மாறியபோதெல்லாம் உடல் மாறும் விலங்கு எந்தக் காட்டிலும் இல்லை.

அண்மையில் ஓர் ஊர்க் கோயிலில் புதிதாகக் கட்டிய மண்டபத்தைக் கண்டேன். சிமெண்டில் யாளிகள், பச்சையும் மஞ்சளுமாக வண்ணம் பூசப்பட்டவை. பழையவற்றைவிடப் பல் பெரிது, நாக்கு நீளம், விழி அகலம். குழந்தைகள் அதன் கால்மீது ஏறிச் சிரித்துக்கொண்டிருந்தனர். செய்தவருக்குக் கைவண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த யாளி ஒன்றையும் தாங்கவில்லை. வேறு கையால் எழுப்பிய தூணின்முன் பிறகு கொண்டுவந்து ஒட்டப்பட்டிருந்தது. பின்கால் விரல்கள் தரையை அழுத்தவில்லை. நாயக்கர் தூணிலும் பாரத்தின் பெரும்பகுதியைப் பின்னுள்ள தண்டே தாங்குகிறது என்பது உண்மைதான். எனினும் தூணும் யாளியும் அங்கே ஒரே கல்; மேலிருந்து வரும் பாரம் எங்கே பிரிகிறது என்று கண் தேடாது.

அதே கோயிலின் பழைய மண்டபத்திலும் யாளிகள் இருந்தன. பல தலைமுறைச் சுண்ணாம்பு அவற்றின் வாயை அடைத்திருந்ததை நான் முன்னர்ப் பார்த்திருக்கிறேன். திருப்பணியின்போது எந்திரத்தால் மணலைப் பீச்சியடித்து அதனை அகற்றியிருந்தனர். சுண்ணாம்பு போயிற்று, பிடரிச் சுருள்களின் வரியும் விழியின் ஓரக்கோடும் அதனுடன் போயின. நான் மேலே சொன்ன தையலை மறைத்த வரிகள் அவையே. கழுத்தருகே இப்போது சிங்கம் எங்கே முடிகிறது, வேறொன்று எங்கே தொடங்குகிறது என்று தெரிகிறது. புதிய மண்டபத்துக்கு மாலை போட்டுத் திறப்புவிழா நடத்தினர். இதைப் பற்றி எவரிடம் சொல்வது என்று தெரியாமல் வீடு திரும்பினேன்.

கோயிலுக்கு வெளியிலும் யாளி வாழ்கிறது. தஞ்சாவூர் வீணையின் தண்டி வளைந்து முடியுமிடத்தில் யாளி முகம் இருக்கிறது. சில கோயில்களில் யாளி வாகனத்தில் சுவாமி எழுந்தருள்கிறார். தூக்குவோரின் தோளசைவில் அது உண்மையாகவே நடப்பதுபோல் இருக்கும்.

புதுமண்டபத்து இளைஞர் அன்று என் விடையை ஒப்புக்கொள்ளவில்லை; மரியாதைக்காகத் தலையசைத்தார். விடைபெற்றுச் சென்றபோது, யாளியின் ஓங்கிய முன்காலுக்கு நேர்கீழே வழி அகலமாக இருந்தும், அவர் சற்றே ஒதுங்கி ஓரமாக நடந்து சென்றார். சிறிது நேரம் கழித்து நானும் புறப்பட்டேன். நானும் ஓரமாகவே நடந்தேன்.